பஸ் லேட்டானால் கரடி

போன மாதம் கண் ஆஸ்பத்திரியில் என் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்தை விட்டு, "தெறக்காம உக்காந்திருங்கம்மா, அரை மணி நேரம் ஆவும்" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். உங்களுக்கு அந்த அனுபவம் உண்டா, தெரியவில்லை. விடுவது கண்ணில், கசப்பது தொண்டையில். பக்கத்தில் ஒரு குழந்தை போன் பார்த்துக்கொண்டிருந்தது. பாட்டு, விளம்பரம், யாரோ மீன் குழம்பு வைப்பது என்று தாவித் தாவி வந்த அந்தப் போனில் திடீரென்று ஒரு பெரிய ஊதுகுழல் சத்தம். படி இறங்குவது மாதிரி ஒவ்வொரு சுரமாக இறங்கி, நின்றது. அதன்பிறகு சத்தமே இல்லை.

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தொப்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து, "என்னம்மா, மருந்து எரியுதா?" என்றாள். "இல்லம்மா, கரடி விழுந்துட்டு" என்றேன். அவள் பேனாவை எடுத்தாள். என் சீட்டில் கண்ணைத் தவிர வேறு எதையாவது சேர்த்து எழுதினாளோ என்னவோ.

அந்தக் கரடியை நான் நாற்பது வருஷத்துக்கு மேல் பார்க்கவில்லை. அதற்கு முன் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாரத்தில் நான்கு நாளாவது பார்த்திருப்பேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான். சங்கரன்கோவில்காரர்கள் வீட்டில் யாராவது தூக்கம் வராமல் புரண்டால், "ஆடு வந்துட்டா?" என்று கேட்போம். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்களுக்கு இது விளங்க ஒரு வருஷம் ஆகும்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றுவிட்டு, எங்கள் ஊர் தியேட்டரில் பெண்கள் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை. அதன் வழியாக வருகிற கைகளை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஈர மண் ஒட்டின கை, தறியில் நூல் அறுத்த கை, வீட்டில் சொல்லாமல் வந்த கை. கையோடு சேர்ந்து பிச்சிப்பூ வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் உள்ளே வரும். என் முகத்தை யாரும் பார்த்ததில்லை என்பதால் மாப்பிள்ளை அமையவில்லை என்று அம்மா சொல்லுவாள். பார்த்தவர்களும் இரண்டு மூன்று பேர் உண்டு என்பதை நான் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அந்தக் கவுண்டரில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பெல் சுவிட்ச். அதை அமுக்கினால் மேலே ஆபரேட்டர் ரூமில் மணி அடிக்கும். அது எதற்கு என்று சொன்னால்தான் கரடி எதற்கு என்று புரியும்.

மாலைக் காட்சிக்குப் பாதிக் கூட்டம் திருவேங்கடத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வரும். கரிசல் காட்டு ஆட்கள். சினிமா என்றால் பெயர் போடுவதிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு தடவை பஸ் வருவதற்குள் படத்தைப் போட்டுவிட்டார்கள். வந்தவர்கள் சண்டையெல்லாம் போடவில்லை. திரைக்கு முன்னால் போய் வரிசையாக நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான். ரீலைத் திரும்பச் சுற்றி மறுபடியும் முதலிலிருந்து ஓட்டின பிறகே உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து முதலாளி ஒரு ஏற்பாடு செய்தார். திருவேங்கடம் பஸ் வரும்வரை படம் போடக்கூடாது. அதுவரை உள்ளூர்க்காரர்கள் விசிலடிக்காமல் இருக்க ஏதாவது போட வேண்டும். ஏதோ இங்கிலீஷ் படப் பெட்டிக்குள் தவறி வந்து, யாரும் திருப்பிக் கேட்காத ஒரு சின்ன ரீல் இருந்தது. அதுதான் கரடிப் படம். தெரு முனையில் பஸ் திரும்புவது கவுண்டரின் பக்கவாட்டுச் சின்ன ஜன்னலில் தெரியும். தெரிந்ததும் பெல். பெல் அடித்ததும் கரடி எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, படம்.

கரடிப் படம் ஏழு நிமிஷம். அமெரிக்காவில் கையாலேயே ஒவ்வொரு படமாக வரைந்து எடுத்த காலத்தது. பேச்சே கிடையாது. பனிக்காலம் வந்துவிட்டது, ஒரு கரடி தூங்கப் போகிறது. நீளச் சட்டை, குல்லாய், கையில் மெழுகுவத்தி. ஊதி அணைத்துவிட்டுப் படுத்தால் 'கரக் கரக்' என்று சத்தம். ஒரு வெள்ளாடு அதன் தலையணையைத் தின்றுகொண்டிருக்கும். ஆட்டை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டும். ஆடு கதவைத் தின்னும். கரடி அலாரம் கடிகாரத்தை எடுத்து எறியும். ஆடு அதையும் விழுங்கிவிடும், பிறகு அது விக்கும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். தாங்க முடியாமல் கரடி கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மரத்தின் உச்சியில் போட்டுப் படுக்கும். ஆடு மரத்தை அடித்தூரிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். நிதானமாக, எங்கள் ஊரில் முறுக்குத் தின்பது மாதிரி. ஊதுகுழல் சத்தம் படிப்படியாக இறங்கி நிற்கும்போது மரம் முழுக்கத் தீர்ந்துவிடும். கட்டில் மட்டும் ஆகாயத்தில் அப்படியே நிற்கும்.

இங்கேதான் அந்தப் படத்தை வரைந்தவனைக் கும்பிட வேண்டும். மரம் போனதும் கரடி விழாது. கையை நீட்டி மரத்தைத் தடவிப் பார்க்கும், இருக்காது. கீழே பார்க்கும். பிறகு மெதுவாகத் திரும்பி நம்மைப் பார்க்கும். கோபமில்லை, பயமில்லை. 'இதை நீங்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்' என்று ஒரு முகம். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம்தான் விழும். மரம் போனதற்காக அது விழவில்லை, போனது தெரிந்துவிட்டதற்காக விழுகிறது. எனக்கு வாழ்க்கையில் நடந்த பல விஷயங்கள் அந்த முறைப்படிதான் நடந்திருக்கின்றன. கடைசியில் வசந்தம் வந்துவிடும், பறவை கத்தும், ஆடு கட்டிலில் படுத்துக் குறட்டை விடும், கரடி பக்கத்தில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருக்கும். திரை சுருங்கி இருட்டாகி இரண்டு கண் மட்டும் மிஞ்சி நிற்கும்.

ஊரே பார்த்த இந்தப் படத்தைப் பார்க்காத ஒரே ஆள் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர்தான் அந்தத் திருவேங்கடம் பஸ்ஸின் டிரைவர்.

யோசித்துப் பாருங்கள். அவர் வராவிட்டால்தான் கரடி. அவர் வந்தால் கரடி கிடையாது. ஆட்களை இறக்கிவிட்டதும் அப்படியே வண்டியைத் திருப்பி வாசுதேவநல்லூர் டிரிப் போக வேண்டும். காலையில் சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற கோமதி டீச்சர், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரடிக் கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கு ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தாள். கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவள் சிரித்துப் பார்த்ததில்லை என்பார்கள்.

அண்ணாச்சி லீவு போட்டுப் பார்த்தார். அவருக்குப் பதில் வண்டி எடுக்கிற இளவட்டம் பறந்து வருகிறவன். ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து நின்றுவிட்டான். கரடி இல்லை. இரண்டாவது லீவு, அதே கதை. மூன்றாவது லீவில் அவனிடம் கொஞ்சம் பைய வா என்று சொல்லி அனுப்பினார். அவனுக்கு அது ரோஷமாகிவிட்டது, பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தான்.

நேராக ஆபரேட்டர் பரமசிவம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டார். கார்பன் குச்சி எரிந்துதான் திரையில் வெளிச்சம் வந்த காலம் அது. குச்சியை முதலாளி அளந்துதான் கொடுப்பார். பரமசிவம் அண்ணாச்சி வேறு சட்டம் பேசுகிற ஆள்.

"பஸ் லேட்டானாத்தான் கரடி. பஸ்ஸு வந்துட்டா கரடி எதுக்கு வே?"

"ஏழு நிமிசம்தான அண்ணாச்சி."

"இன்னைக்கு ஒமக்குப் போடுவேன். நாளைக்கு கண்டக்டர் வருவான். பொறவு பஸ் மொதலாளி வருவாரு. அப்பம் படத்த எப்பம் போட?"

சுடலைமுத்து அண்ணாச்சி என் கவுண்டர் பக்கம் வந்து நின்று புலம்பினார். "நான் வாரது வரைக்கும் போடுத படம். எனக்காகப் போடுத படம்னே சொல்லலாம். அத நான் மட்டும் பாக்க முடியலன்னா இது என்ன நியாயம் தாயி?"  அதை யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

இதற்கிடையில் ரீலும் தேய்ந்துகொண்டே வந்தது. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல் அளவு படம் போய்விடும். ஏழு நிமிஷம் ஐந்தாயிற்று, நாலாயிற்று. கதவு இருக்கும், அடுத்த நொடியில் ஆட்டின் வாயில் தாழ்ப்பாள் மட்டும் தொங்கும். அதுகூடப் பரவாயில்லை. அந்த மூன்று எண்ணுகிற இடத்தில் அடிக்கடி அறுந்தது. மூன்று இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. கரடி அதேபோலத்தான் விழுந்தது, ஆனால் சிரிப்புக் குறைந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை என் ஓட்டைக்குள் ஒரு பெரிய கை வந்தது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நிமிராமலே, "ஆம்பளையாளுக்கு அங்கிட்டு" என்றேன்.

"டிக்கெட் வேண்டாம் தாயி. ஒரு ஒத்தாச செய்யணும். வார வெள்ளிக்கெழம வண்டி அரை மணி நேரம் லேட்டு."

"இன்னைக்குத் திங்கக்கெழமதான அண்ணாச்சி. லேட்டுன்னு இப்பமே எப்பிடித் தெரியும்?"

"தெரியும்" என்றார்.

திட்டம் இதுதான். ஊருக்குள் நுழைவதற்கு முன்னால், ரைஸ் மில் பக்கத்தில், இன்ஜின் சூடாகிவிட்டது என்று வண்டியை நிறுத்துவார். ஆட்களை உள்ளேயே உட்காரச் சொல்லிவிட்டுத் தனியாகத் தியேட்டருக்கு வருவார். கரடியைப் பார்ப்பார். திரும்பிப் போய் வண்டியை எடுத்து வருவார். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"என்னப் பாத்ததும் பெல்ல அமுக்கிராத. வண்டிய பாத்த பொறவு அமுக்கு."

"நான் என்ன கோட்டியா அண்ணாச்சி, புத்தி கெட்டுப்போயா அமுக்குவேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. உள்ளூர்க்கூட்டம் உட்கார்ந்தாயிற்று. கரடி ஒரு சுற்று ஓடி முடிந்து, மறுபடியும் மெழுகுவத்தியோடு கிளம்பியிருந்தது. நான் ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்குக் கல்யாணம் பேச வந்த அன்றைக்குக்கூட அப்படிக் காத்திருக்கவில்லை.

ரைஸ் மில் பக்கத்தில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அண்ணாச்சி, "யாரும் எறங்காதிய, அரை மணி நேரத்துல எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். நடந்தவர் அப்படியே நடந்திருக்கலாம். ஆசையில், கொஞ்ச தூரம் போனதும் ஓட ஆரம்பித்துவிட்டார். பின் சீட்டில் இருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். டிரைவரே ஓடுகிறார் என்றதும் பஸ்ஸுக்குள் இரண்டு கட்சி. வண்டி வெடிக்கப் போகிறது என்று ஒரு கட்சி. படம் போட்டுவிட்டார்கள் என்று ஒரு கட்சி. எந்தக் கட்சியாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஓடுவதுதான் என்பதில் அவர்களுக்குள் வேற்றுமை இல்லை.

தெரு முனையில் முதலில் அண்ணாச்சி தெரிந்தார். காக்கிச் சட்டை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவருக்குப் பின்னால் நாற்பது ஐம்பது பேர். இடுப்பில் பிள்ளையோடு பெண்கள், செருப்பைக் கையில் பிடித்த பெரியவர்கள், ஒருத்தர் கையில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி. இதை நான் ஜோடிக்கவில்லை. எங்கள் ஊர் சந்தைக்கு எடுத்து வந்த குட்டி. பின்னால் இவ்வளவு பேர் வருவது அண்ணாச்சிக்குத் தெரியவே இல்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. திருவேங்கடம் கூட்டம் வருகிறது. நான்கு வருஷமாக அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் என் விரல் எங்கே போகுமோ அங்கே போய்விட்டது. மேலே மணி அடித்த சத்தம் கேட்ட பிறகுதான், அமுக்கினது நான்தான் என்று புரிந்தது.

மேலே படத்துக்கு மாற அரை நிமிஷமாவது ஆகும் என்று கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அண்ணாச்சி வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நுழைகிறார். திரையில் கட்டில் ஆகாயத்தில் நிற்கிறது. மரம் இல்லை. கரடி திரும்பி அவரைப் பார்க்கிறது. அப்படியே படம் அணைந்தது. அடுத்த நொடி சென்சார் சர்டிபிகேட். பின்னாலேயே வந்த ஐம்பது பேரும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று கைதட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆட்டுக்குட்டி ஒரு தடவை கத்தியது.

 அண்ணாச்சி, நிறுத்திவிட்டு வந்த வண்டியை எடுக்க ரைஸ் மில்லுக்கு நடந்தார். மறுநாள் நான் ஓட்டை வழியாகவே மன்னிப்புக் கேட்டேன். முகத்தைக் காட்ட வெட்கம். "ஒங் கை பழகிட்டு தாயி. நானும் பிரேக்க அப்பிடித்தான் மிதிக்கேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.  அடுத்த மாதத்துக்குள் கரடி ரீல் புரொஜக்டரில் மாட்டிப் பொசுங்கிவிட்டது. அதன்பிறகு பஸ் லேட்டானால் 'புகை பிடிக்காதீர்கள்' ஸ்லைடைப் போட்டார்கள். அதை எல்லாரும் பீடி குடித்துக்கொண்டே பார்த்தார்கள்.

தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். என் கவுண்டர் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. பரமசிவம் அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். கோமதி டீச்சரும் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கெஞ்சி, கரடிப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கினேன். முழுசாக ஏழு நிமிஷம், மூன்று எண்ணிக்கையும் அப்படியே இருந்தது. கண் தெளிந்த மூன்றாம் நாள், விசாரித்துக்கொண்டு திருவேங்கடம் போனேன்.

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு எண்பத்துமூன்று வயது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால்தானே தெரியும். கையை நீட்டி, காதருகே சத்தமாக, "பெல்ல அமுக்கினது நான்தான்" என்றேன். சிரித்துவிட்டார்.

போனை அவர் கையில் கொடுத்து, படத்தைப் போட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏழு நிமிஷமும் ஆடாமல் அசையாமல் பார்த்தார். தலையணை போயிற்று, கதவு போயிற்று, மரம் போயிற்று. கரடி திரும்பிப் பார்த்தபோது, "இந்த மூஞ்சிதான்" என்றார். மற்றபடி ஒரு சிரிப்பு இல்லை. முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அந்தப் படம் இல்ல தாயி."

"இதேதான் அண்ணாச்சி. எத்தன தடவ பாத்திருக்கேன்."

"இது சின்னப் படம். அது பெரிசு. ஆடு மேலநீலிதநல்லூர் கல்யாண வீட்டுக்குப் போயி பந்தல திங்குமே, அது எங்க? கரடி கோர்ட்டுல கேசு போடும், சாட்சி சொல்ல வந்த ஆடு சம்மனத் தின்னுட்டுப் போயிரும். அதெல்லாம் இதுல இல்லையே."

எனக்கு மெல்லப் பிடிபட்டது. ஏழு நிமிஷப் படத்தைத் தினமும் காலையில் முக்கால் மணி நேரம் சொல்ல வேண்டுமென்றால் கோமதி டீச்சர் என்ன செய்வாள்? கதை தீர்ந்துபோனதும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறாள். ரீல் பொசுங்கினதைக்கூட அவள் அவரிடம் சொல்லவில்லை. ரிட்டயர் ஆகிறவரை பல வருஷம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளிடம் சிரிக்காமல் சேர்த்து வைத்ததையெல்லாம் அந்த பஸ்ஸில் செலவழித்திருக்கிறாள்.

"கடைசி எப்பிடி முடியும்?" என்று கேட்டேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். நாலு சொல் சொல்லவில்லை, தெருவில் ஹாரன். சங்கரன்கோவில் போகிற டவுன் பஸ். அவர் பேச்சை நிறுத்தி, "பஸ்ஸு வந்துட்டு, கெளம்பு" என்றார்.

"போவட்டும். நீங்க சொல்லுங்க."

பஸ் போய்விட்டது. அவர் சொன்னார். கரடிக்கு எங்கேயும் தூக்கம் வராது. ஊர் ஊராக அலைந்து, கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏறிப் பின் சீட்டில் படுத்துவிடும். ஆடு ஓடி வருவதற்குள் வண்டி கிளம்பிவிடும். அந்த டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டான். பள்ளம் பார்த்துப் பார்த்து, பைய ஓட்டுவான். "ஸ்டாப்பு வந்தாலும் சத்தங்காட்டாம நிப்பாட்டுவான். கரடி அப்பிடி ஒறங்கும் பாத்துக்க" என்று சொல்லி, கையால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிக் காட்டினார்.

என் போனில் இருக்கிற படம் எல்லார் போனிலும் இருக்கிறது. டீச்சர் சொன்ன அந்தப் படத்துக்கு ஒரே ஒரு பிரிண்ட்தான். அது திருவேங்கடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறது, காது கொஞ்சம் மந்தம்.